குதிரை வாசக்கால் வீடு

கோயமுத்தூர்
21-9-1936

அண்ணாவுக்கு,

நாச்சியம்மாள் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அதை மறைக்கவில்லை.

பென்சிலில் எழுதியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கூட்டைத் தொட்டால் விரலில் கறை ஒட்டிவிடும். காலையில் பெரியம்மா என் கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பருத்திக்கொட்டை மூட்டை அடுக்கிய அறையில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். பெரியப்பா இருமினால் ஊதி அணைத்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். அதனால் வரிகள் கோணலாக இருக்கும்.

எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். தாராபுரத்தில் பருத்தி மண்டி வைத்திருக்கும் திருமூர்த்திக் கவுண்டர். முதல் சம்சாரம் இறந்து போய்விட்டது. வயது முப்பத்தாறு என்கிறார்கள். பெரியப்பா தொடங்கப்போகிற மில்லில் அவரும் கூட்டுச் சேருகிறார். எனக்குப் பதினாலு முடிந்தால்தான் சாரதா சட்டம் தொந்தரவு செய்யாதாம். மார்கழிக் கடைசியில் முடிகிறது. தை பிறந்ததும் உறுதி வார்த்தை. பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

போன வாரம் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. பெரியம்மா அதைச் சொல்லியே என்னைத் தேற்றினார்கள். “நாத்தனா இல்லாத ஊடு கண்ணு. குடுத்து வெச்சவ நீ. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ செய்யற இணைச்சீருக்கே பங்காளி ஊட்டுப் பொண்ணத் தேடோணும் அவிய.”

அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டார்கள். என் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏனுங்க, அவிய காணியும் மாமன் காணியும் ஒண்ணுதானுங்களே? நாளைக்கு ஆராச்சும் சொல்லிப்போட்டா?”

“சொல்றதுக்கு ஆரு உசுரோட இருக்கறா? நாம கும்புடற கோயிலச் சொல்லியாச்சு. பேசாமப் படு.”

மாமன் என்று பெரியம்மா சொன்னது நம் அப்பாரை, அப்பாவைப் பெற்றவரை. காணிக் கோயில் ஒன்றென்றால் குலம், கூட்டம் ஒன்று. கூட்டம் ஒன்றென்றால் அவர் எனக்கு அண்ணன் முறை. இது தெரிந்தேதான் பெரியப்பா கொடுக்கிறார். நாம் சொல்லிக்கொள்ளும் கூட்டம் நம்முடையது இல்லை, அது அப்பாரு பெண் எடுத்த வீட்டாருடையது. கூட்டங்களின் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது. இந்தக் காகிதம் யார் கையில் சிக்கினாலும் போச்சு.

அப்பாரு பிறந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் அண்ணா. அந்த ஊரில் நம்மைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். எனக்குக் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

பதிலை இங்கே அனுப்ப வேண்டாம். என் வகுப்பில் சித்திகா என்று ஒரு பெண் படிக்கிறாள். கோட்டைமேட்டில் அவள் அத்தா முஸ்தபா ராவுத்தரின் அத்தர் கடை இருக்கிறது. அந்த விலாசத்துக்கு எழுதுங்கள். கடிதத்தை அவள் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுப்பாள்.

நாச்சியம்மாள்

•

உடுமலைப்பேட்டை
தாது வருஷம் புரட்டாசி 16

நாச்சியம்மாளுக்கு,

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கவரில் அத்தர் வாசனை அடித்ததால் யாரோ பெரிய மனுஷர் எழுதியிருக்கிறார் என்று பிரித்துவிட்டேன்.

நான் இங்கே ஜின்னிங் பாக்டரியில் மூட்டை எடை போடுகிறேன். உனக்குத் தெரிந்திருக்காது. நீ கேட்டதும் இல்லை. அப்பா விட்டுப்போன பங்குக் காட்டை விற்று மில்லுக்குப் போடுகிறீர்களே, எங்களுக்கு என்ன வழி என்று கேட்டதற்காக வண்டிச் சாட்டையால் அடித்து என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார் உன் பெரியப்பா. தள்ளிவிட்டு உன்னைப் பார்த்து, “நீ உன்ர அண்ணங்கூடப் போறயா, இங்க இருந்து படிக்கறயா?” என்று கேட்டார். நீ என்ன செய்தாய்? நடந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாய். சாட்டை பட்ட இடமெல்லாம் ஆறிவிட்டது.

அந்தப் படிப்பையும் இப்போது பிடுங்குகிறாரா? நல்லது.

சுவருக்கு அப்பால் கேட்டேன் என்றால் எந்த ஊர்க் கவுண்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்பாரு பிறந்த வீட்டைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. கேட்ட ஒரு முறையும், “அந்தப் பேச்செடுத்தா நாக்க அறுத்துப்போடுவேன்” என்றார். தாராபுரம் தாலுக்காவில் எத்தனை ஊர் இருக்கிறது என்று உன் பூகோளப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா? வெறுங்கையோடு எங்கே போய்த் தேடுவது? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. இல்லாவிட்டால் தாலி கட்டிக்கொள்.

எனக்கும் இங்கே ஒரு இடம் அமைந்திருக்கிறது. கண்ணையாக் கவுண்டர் என்று ஒரு குடியானவர் தன் தோட்டத்துச் சாளையில் இருக்க இடம் கொடுத்தார். அவர் மகள் கருப்பாத்தாளை எனக்கே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அநாதை என்று தெரிந்தும் சொன்ன மனுஷர். அறுப்பு முடிந்து மாசியில் கல்யாணம். உனக்கு அழைப்பு வராது.

செங்கோடன்

•

கோயமுத்தூர்
9-10-1936

அண்ணாவுக்கு,

நான் பெரியப்பா முதுகுக்குப் பின்னால் நின்றது நிஜம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா என்னைத் தாராபுரம் மாட்டுச்சந்தைக்குக் கூட்டிப் போனார். உங்களுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. திரும்பி வரும்போது வந்த வழியே வராமல் ஆற்றில் வண்டியை இறக்கினார். மணலில் சக்கரம் புதைந்து, அப்பா இறங்கித் தள்ளினார். அக்கரை ஏறியதும் வாய்க்கால் ஓரமாகத் தாழம்புதர். வெகுதூரம் அந்த வாசனை வந்தது. வாய்க்காலில் ஒரு பெரிய கல் மடை. மடையைத் தாண்டினால் ஊர். ஊருக்கு முதல் வீடு அது.

பெரிய வீடு. வாசக்காலின் மேல்கட்டையில் இரண்டு குதிரைகள் எதிரெதிராகப் பார்க்கிற மாதிரி செதுக்கியிருந்தது. வாசலில் பழைய செக்குக் கல்லைக் கவிழ்த்துப் படியாகப் போட்டிருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தி, “இதுதான் கண்ணு நம்மூடு” என்றார். ஆனால் இறங்கவில்லை. எனக்குத் தாகம். தண்ணீர் கேட்டேன். “இந்த ஊட்டுல வேண்டாஞ் சாமி” என்றார். உள்ளேயிருந்து துண்டு போட்ட ஒருவர் வந்து படியில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு அப்பா மாட்டை விரட்டிய வேகத்தில் நான் சவாரித் தட்டில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். பெரியப்பாவிடம் சொல்லக் கூடாது என்று ஊர் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

ஊர்ப் பெயர் எனக்குச் சொல்லவில்லை. அல்லது சொல்லி நான் மறந்துவிட்டேன். எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

இவ்வளவுதான். பெரியம்மா என் பாவாடைகளை எடுத்து அளவு பார்க்கிறார்கள், சேலை கட்டப் பழகச் சொல்கிறார்கள். கணக்குப் பரீட்சையில் நான் முதல். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கருப்பாத்தாளுக்கு என்ன வயது? எப்படி இருப்பாள்?

நாச்சியம்மாள்

•

உடுமலைப்பேட்டை
ஐப்பசி 20

நாச்சியம்மாளுக்கு,

லீவு போட்டுவிட்டு நீ சொன்னபடி தேடிப் பார்த்தாகிவிட்டது. அப்படி ஒரு வீடு இல்லை.

அமராவதிக் கரையில் ஏறி இறங்காத ஊர் பாக்கியில்லை. தாழம்புதர் ஆற்றோரமெல்லாம் இருக்கிறது. கல் மடை இல்லாத வாய்க்கால் கிடையாது. ஆளாளுக்கு என்னை நிறுத்தி, ஆர் ஊட்டுப் பையன், என்ன சோலியாக வந்தாய் என்று கேட்டார்கள். காளை வாங்க வந்தேன் என்று பொய் சொன்னேன். ஒரு ஊரில் நிஜமாகவே காளையைப் பிடித்து வந்து நிறுத்திப் பல்லைப் பார்க்கச் சொன்னார்கள். காளைக்காரன் மூக்கணாங்கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு விலை பேசுகிறான். தப்பித்து வருவதற்குள் பொழுது போய்விட்டது.

ஆறு வயதில் பார்த்ததை வைத்துக்கொண்டு யாரும் வீடு தேட மாட்டார்கள். தலை உடைந்த குதிரையும் இல்லை, தலை உள்ள குதிரையும் இல்லை. வழியில் தூங்கிப்போய்க் கனவு கண்டிருப்பாய்.

திருமூர்த்தியைப் பற்றியும் விசாரித்தேன். குடிக்கிறவர் இல்லையாம். கை நீட்டுகிறவரும் இல்லையாம். சொத்து இருக்கிறது. உன்னைப் போல் எத்தனையோ பெண்கள் போகத்தான் போகிறார்கள். பெரியப்பா செய்ததிலேயே இது ஒன்றுதான் கெட்ட காரியம் இல்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. மனதைத் தேற்றிக்கொள்.

கருப்பாத்தாளுக்குப் பதினாறு. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள், பல் ஒன்று தூக்கியிருக்கும். எனக்குத் தினமும் பழைய சோற்றுக்கு ஒரு ஊறுகாய்த் துண்டு சேர்த்து வைப்பாள். இரண்டு வருஷத்தில் எனக்காக ஒருவர் எடுத்து வைத்தது அது ஒன்றுதான்.

செங்கோடன்

•

கோயமுத்தூர்
12-11-1936

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் ஒரு முறை படித்தேன். இரவு மறுபடியும் படித்தேன்.

குதிரைக்குத் தலை உடைந்திருந்ததை நான் எழுதவில்லை. இரண்டு குதிரைகள் எதிரெதிராகப் பார்க்கின்றன என்றுதான் எழுதினேன். எனக்கே அது மறந்து போயிருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் கண் முன்னால் வந்தது. இடப்பக்கத்துக் குதிரை. கழுத்தோடு போயிருக்கும். “குதிரைக்கு ஏனுங்கப்பா தலையில்ல?” என்று நான் கேட்டேன். அப்பா மாட்டின் கயிற்றை இழுத்தார்.

நீங்கள் அந்த வாசலில் நின்றிருக்கிறீர்கள்.

ஏன் இல்லை என்று எழுதினீர்கள்? நான் அன்றைக்குப் பெரியப்பா பின்னால் நின்றதற்குப் பழியா? அப்படியென்றால் அதையே எழுதியிருக்கலாம். பழி என்று எழுதியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். திருமூர்த்தி கை நீட்ட மாட்டார் என்று விசாரித்து எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாடு வாங்கப் போன இடத்தில் பல்லைப் பார்க்கச் சொன்னார்கள் என்று சிரித்து எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருவர் வந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

இனி கடிதங்களைச் சீக்கிரம் அனுப்புங்கள். சித்திகா தை மாதத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். அவள் அம்மா ஆமினா பீவி, “எட்டுப் படிச்சது போதும், ஊட்டுல குர்ஆன் ஓது” என்று சொல்லிவிட்டார்களாம்.

நாச்சியம்மாள்

•

உடுமலைப்பேட்டை
கார்த்திகை 5

நாச்சி,

கணக்கில் முதல் என்று எழுதினாய். சரிதான்.

கல்மடைப்பாளையம். ஆற்றுக்கு அக்கரை. நீ சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. செக்குக் கல் படியில் உட்கார்ந்து ஒரு கிழவியம்மாள் துவரை உடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆரு கண்ணு? வெயில்ல வந்திருக்கறயே, தண்ணி குடிக்கறயா?” என்று செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்திருப்பேன். “பேரென்ன சாமி?” என்றார். செங்கோடனுங்க என்றேன்.

முகத்தையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த செம்பை வாங்கி மீதித் தண்ணீரைப் படியில் கவிழ்த்தார். “மடைத் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டு வண்டி கட்டிப் போனவரு பேரன்தான நீ? அவரு பேரே வெச்சிருக்குது. மூக்கும் எங்க ஊட்டு மூக்கு. போறபோது கடப்பாரையில குதிரை தலைய அடிச்சுட்டுப் போனாரு. நான் கண்ணாலம் ஆகி வந்த புதுசு, பாத்துட்டு நின்னேன். இப்ப நீ என்ன, பங்கு கேக்க வந்தயா?”

அவர் பெயர் சுப்பாத்தாள். திருமூர்த்தியின் அம்மா. தாலியறுத்தவர் என்பதால் உன்னைப் பார்க்க வரவில்லை. கோயமுத்தூரில் பெண் பேசியிருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும், யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. அப்பாரை விரட்டிவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்தவர் திருமூர்த்தியின் அப்பாரு. கூடப்பிறந்த தம்பி. கூட்டம் ஒன்று என்பது மட்டுமல்ல நாச்சி, ரத்தமே ஒன்று.

ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். கண்ணையாக் கவுண்டரும் அதே கூட்டம். நீ வாயைத் திறந்தால் கருப்பாத்தாள் எனக்குத் தங்கச்சி ஆகிவிடுவாள்.

கூட்டம் கூட்டம் என்கிறார்களே, நான் சாட்டையடி வாங்கித் தெருவில் நின்றபோது எந்தக் கூட்டத்தான் ஒரு வாய் சோறு போட்டான்? எனக்குச் சோறு போட்டது அந்தப் பெண். அவளை விட மாட்டேன். பாவம் என்றால் என் தலையில் வரட்டும்.

உன்னை அங்கே கொடுக்க விட மாட்டேன். உறுதி வார்த்தைக்கு முன்னால் நானே வந்து உன்னைக் கூட்டி வந்துவிடுகிறேன். கண்ணையாக் கவுண்டரிடம் கேட்டிருக்கிறேன். நீ மட்டும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது. யாரிடமும். அப்பா மேல் சத்தியம் செய்து எழுது.

செங்கோடன்

•

கோயமுத்தூர்
28-11-1936

அண்ணாவுக்கு,

அப்பா மேல் சத்தியம். சொல்ல மாட்டேன்.

தை முதல் வெள்ளிக்கிழமை உறுதி வார்த்தை. அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். பகலில் வந்தால் பெரியப்பா மில் கட்டுகிற இடத்தில் இருப்பார். நான் புத்தகங்களையும் இரண்டு பாவாடையையும் ஒரு பையில் கட்டி, பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கருப்பாத்தாளோடு நான் சண்டை போட மாட்டேன் என்று சொல்லுங்கள்.

பெரியப்பாவிடம் இன்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். “நம்ம அப்பாரு ஊடு எங்கீங்க பெரியப்பா இருந்துச்சு?” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். பிறகு சிரித்தார். “அந்த ஊட்டுக்குள்ள நம்ம காலு மறுபடியும் போகும் அம்மணி. நீ பாக்கத்தான் போறே” என்றார்.

மறக்காமல் வந்துவிடுங்கள்.

நாச்சியம்மாள்

•

உடுமலைப்பேட்டை
தை 12

இது கடைசிக் கடிதம். அத்தர் கடைக்காரருக்கு இனி தொந்தரவு வேண்டாம்.

நான் வரவில்லை. கண்ணையாக் கவுண்டர், “பெரியப்பன் ஊட்டுல இருக்கற புள்ளையக் கேக்காமக் கூட்டியாந்தா நாளைக்குப் போலீசு என்ர வாசல்ல நிக்கும். மாசியில உங்க கண்ணாலம் முடியட்டும்” என்றார். மாசிக்குப் பிறகு உனக்கு ஏதாவது செய்யலாம் என்று இருந்துவிட்டேன். தப்புத்தான். ஆனால் நான் சத்தியத்தை மீறவில்லை.

நடந்ததைச் சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். தாம்பூலத் தட்டோடு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நீ வெளியே வந்தாயாம். திருமூர்த்தியைப் பார்த்து, “அண்ணா, கல்மடைப்பாளையத்துக் குதிரை வாசக்கால் ஊடு எங்க அப்பாரு ஊடுங்க” என்றாயாம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனாராம். முறை கெட்ட காரியத்துக்கு இருந்தோமே என்று வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார்களாம். சந்தையில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் கண்ணையாக் கவுண்டர் என் பாயையும் பெட்டியையும் சாளைக்கு வெளியே எடுத்து வைத்தார். கோபப்படவில்லை. “தம்பி, நீ எனக்கு மகன் முறையாயிட்டே. மாப்பிள்ளையா இருக்க முடியாது” என்று மட்டும் சொன்னார். கருப்பாத்தாள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். கதவு திறக்கவில்லை.

அண்ணா என்று இனி எனக்கு எழுதாதே. அந்தச் சொல்லைச் சபை நடுவில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாய். உனக்குத் தாராபுரத்தில் அண்ணன் இருக்கிறார்.

செங்கோடன்

•

கல்மடைப்பாளையம்
2-6-1937

நீங்கள் வேண்டாம் என்ற சொல்லை எழுதவில்லை. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் பாக்டரி விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கே இருக்கிறீர்களா, மலைக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டீர்களா, ஒன்றும் தெரியாது.

சத்தியத்தை மீறியவள் நான். அன்று காலை வரை பையை மூட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். வந்தவர்கள் குளிக்கத் தண்ணீர் காய வேண்டும் என்று பெரியம்மா விறகு எடுக்க வந்தார்கள். பையைப் பார்த்துவிட்டார்கள். திட்டவில்லை. பூகோளப் புத்தகத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் வைத்து, அதில் விறகைப் பற்ற வைத்தார்கள். “இனி உனக்கு இது எதுக்குக் கண்ணு” என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு என் கால் தானாக வெளியே போயிற்று. வாயும் தானாகத் திறந்தது. கருப்பாத்தாளை நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். நினைத்துக்கொண்டே சொன்னேன்.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. மூன்று நாள் கழித்து வண்டி கட்டச் சொன்னார். “உன்ர ஊட்டக் கண்டுபுடிச்சுட்டயல்ல, அங்கயே போய் இரு” என்றார். ஆற்றுக்கு அக்கரைப் படித்துறையில் இறக்கிவிட்டு வண்டி திரும்பிவிட்டது. தாழம்புதர் இன்னும் இருக்கிறது.

இங்கே யாரும் என்னை விரட்டவில்லை. வந்தவர்கள் எதிரில் சுப்பாத்தாள் பெரியாத்தா என் தலையைத் தடவி, “எங்க ஊட்டுப் பொண்ணு எங்க ஊட்டுக்கே வந்துபோட்டுது” என்கிறார்கள். வந்தவர்கள் திருமூர்த்திக் கவுண்டரின் பெரிய மனதைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு அறை. காலையில் எட்டு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்ட வேண்டும். குதிரை வாசக்கால் வழியாக நான் நுழைந்ததில்லை. எனக்குப் பின்வாசல். இடப்பக்கத்துக் குதிரையின் கழுத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது. கூட்டும்போது அண்ணாந்து பார்ப்பேன்.

அப்பா அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஏன் இறங்கவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிப்பதில்லை.

வைகாசியில் இந்த வீட்டில் திருமூர்த்திக் கவுண்டருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் மூலனூர்ப் பக்கம். இந்த முறை கூட்டம், காணி எல்லாம் மூன்று ஊரில் ஆள் விட்டு விசாரித்தார்கள். கூடப்பிறந்த பெண் இல்லாத வீடு என்று முன்பு பெரியம்மா சொன்னது நினைவிருக்கிறதா? அந்தக் குறை இப்போது இல்லை. இணைச்சீருக்குப் பேழைக்கூடையை என் தலையில் வைத்தார்கள். எனக்கும் புதுச் சேலை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கூறைப்புடவையின் ஒரு நுனியை அவர் பிடித்துக்கொள்ள, மறுநுனியை நான் பிடித்துக்கொண்டு மணவறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “தங்கச்சி, நல்லா நிமுந்து உக்காரு” என்றார் சீரை நடத்திய அருமைக்காரர். நிமிர்ந்து உட்கார்ந்தேன். நுனி என் கையிலிருந்து நழுவியதைப் பார்த்து, புள்ள பயப்படுது என்று சிரித்தார்கள்.

பெண்ணுக்குப் பதினாலு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதையும் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை நான் கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தபோது அவள் கொட்டாய்ப் பக்கம் வந்து நின்றாள். நாத்தனாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. “நங்கையா, இங்க பொம்பளப் புள்ளைக படிக்கற பள்ளிக்கூடம் எத்தன தூரமுங்க? நான் ஏழாவது பாதியில விட்டுட்டு வந்துட்டனுங்க” என்றாள்.

பக்கத்தில்தான் இருக்கிறது, ஆடி போகட்டும், கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பெரியம்மா என்னிடம் பேசியது போலவே நானும் மெதுவாகத்தான் சொன்னேன்.

கருப்பாத்தாளுக்கு எங்கேயாவது முடிந்ததா? தெரிந்தால் எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம். எழுதத்தான் வேண்டும் என்றால் பார்த்து எழுதுங்கள். இங்கே எனக்கு வரும் கடிதத்தை அண்ணன்தான் முதலில் பிரிப்பார்.

நாச்சியம்மாள்